வெள்ளையடிக்காத சுவர்: மண்வீடு, வெளிச்சம், சாதி – சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன் அடையாறில் ஒரு மாலைக் கூட்டம். மண்சுவர் வீடுகளைப் பற்றிப் படம் காட்டிப் பேசினார்கள். எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். நானூறு, ஐந்நூறு சதுர அடி. திமிசு போட்டு இறுக்கிய சுவரில் செம்மையும் காவியும் சாம்பலும் கோடு கோடாய்ப் படிந்து கிடக்கின்றன. கூரையில் செருகிய கண்ணாடி ஓடு வழியாக ஒரு கற்றை வெயில் அந்தச் சுவர்மேல் சாய்ந்து விழுகிறது. பார்க்க அழகுதான். பேசியவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொற்கள் மூன்று: இயற்கை, எளிமை, மரபு. சிமெண்டுக்கு எதிராக அவர் சொன்ன தகவல்களில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. ஆனாலும் கூட்டம் முடிந்து மத்திய கைலாஷ் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தல் என்னவென்று அம்மா ஊரிலிருந்து வந்தபோதுதான் பிடிபட்டது. நண்பர் ஒருவர் அடையாறில் தன் தாத்தா வீட்டுக் கொல்லையில் நானூறு சதுர அடிக்கு மண்சுவர் வைத்து ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். மூலையில் நகத்தால் லேசாகச் சுரண்டினார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: "நல்லா வந்திருக்கு தம்பி. இன்னும் சுண்ணாம்பு அடிக்கலியா?" நண்பர் சிரித்தார். "இல்லம்மா, இப்படியே விட்டுடப் போறோம். இதான் அழகு." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில்தான் சொன்னார்: "காசு இருக்கறவன் சுண்ணாம்பு அடிக்காம விடலாம்டா. நாம விட்டா சோம்பேறின்னுவான்."

இந்தக் கட்டுரையை அந்த வாக்கியத்துக்கு எழுதிய உரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி எங்களுடையது. ஏழு வயதுவரை மண்சுவர் வீட்டில் இருந்தேன். ஏரி மண்ணைக் கொண்டுவந்து, வைக்கோலை வெட்டிப் போட்டு, தண்ணீர் விட்டுப் புளிக்க வைத்து, காலால் மிதித்து, படை படையாக வைத்த சுவர். ஒரு படை காய்ந்தால்தான் அடுத்த படை. சன்னல் கிடையாது. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். பொங்கலுக்கு முன்னால் கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, அம்மாவும் அத்தையும் தென்னை மட்டையை நசுக்கிச் செய்த மட்டையால் சுவர் முழுக்க வெள்ளையடிப்பார்கள். அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் காவி. அன்றைக்கு மட்டும் வீட்டுக்குள் இரண்டு விளக்கு கூட ஏற்றினாற்போல இருக்கும். அது என் கற்பனை இல்லை, கணக்கே அப்படித்தான். சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பித் தருகிறது. வெறும் செம்மண் சுவர் கால் பங்கைத் தந்தாலே அதிகம். சன்னல் இல்லாத வீட்டில் சுண்ணாம்புதான் சன்னல். அம்மாவின் கேள்வி அழகியல் அறியாத பாமரத்தனம் அல்ல. வெளிச்சம் பற்றிய தொழில்நுட்ப அறிவு அது.

மண்ணை மண்ணாகவே காட்டும் ரசனை மண்வீட்டில் வாழ்ந்தவர்களிடமிருந்து வந்ததல்ல. மண்வீட்டில் வாழ்ந்தவர்கள் மண்ணை மறைத்தார்கள். இந்த ஒரு இடத்திலேயே 'மரபு' என்ற சொல் விரிசல் விடத் தொடங்குகிறது.

2

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வீடு கட்டுவது என்றதும் நெடுநல்வாடை ஞாபகம் வரும். நிழல் எந்தப் பக்கமும் சாயாத ஒரு நண்பகலில், இரண்டு கோல் நட்டுத் திசை குறித்து, கயிறு பிடித்து, நூலறிந்தவர்கள் அரசனுக்கு மனை வகுக்கும் இடம். சூரியனை அளந்து கட்டிய வீடு. (சென்னையின் அட்சரேகை ஏறத்தாழ 13 பாகை. நிழலில்லாத நண்பகல் இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் வருகிறது. இதற்குப் பின்னால் மறுபடியும் வருவேன்.) மரபுக் கட்டடக் கலை பேசுகிறவர்கள் இந்த இடத்தை எடுத்துக்காட்டுவது உண்டு.

அதே பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை இருக்கிறது. அதில் ஒரு அடுக்களை. கூரைக் கழிகள் சரிந்திருக்கின்றன. பழைய சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. புழுதியில் காளான் பூத்திருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையை இழுக்க, வலி தாங்காமல் தாய்நாய் குரைக்கிறது. கிணைமகள் நகத்தால் கிள்ளி வந்த குப்பைக் கீரையை உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் கண்ணில் படக் கூசி, கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறார்கள். கிணை என்பது மருத நிலத்துப் பறை என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

மண்சுவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட சித்திரங்களில் இதைவிடத் துல்லியமானது எனக்குத் தெரியவில்லை. மண்சுவருக்கு எதிரி கரையானும் ஈரமும் என்பதை இந்தப் பிரதி அறிந்திருக்கிறது. கூட ஒன்றையும் அறிந்திருக்கிறது: அரசன் வீட்டில் வெளிச்சம் என்பது அளந்து உள்ளே கொண்டுவர வேண்டிய பொருள். கிணைமகள் வீட்டில் வெளிச்சம் என்பது பிறர் பார்வை. அங்கே கதவு திறப்பதற்கு இல்லை, அடைப்பதற்கு.

வெளிச்சத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைச் சிறைக்கூடத்தை வைத்து ஃபூக்கோ 1975இல் எழுதினார். பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி ஒவ்வொரு கைதியையும் ஒவ்வொரு நொடியும் பார்க்கத்தக்கவனாக ஆக்குகிற கட்டடம். இருட்டு கூட ஓரளவு பாதுகாப்பு, வெளிச்சத்தில் அதுவும் போய்விடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஜப்பானிய எழுத்தாளர் தானிசாகி 1933இல் நிழலின் அழகைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நிழலை ரசிப்பதற்கும் ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். விரும்பி இருக்கும் இருட்டும் விதிக்கப்பட்ட இருட்டும் ஒன்றல்ல. 'இயற்கை வெளிச்சத்தை மையமாக வைத்த வீடு' என்று இன்றைக்குப் பேசும்போது, யார் எதைப் பார்க்க, யாரை யார் பார்க்க என்ற கேள்விகளை விட்டுவிட்டு சன்னல் அளவை மட்டும் பேச முடியாது.

3

நான் குடியிருப்பது மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வாடகை அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில். சமையலறை சன்னலைத் திறந்தால் குழாய்கள் இறங்கும் ஒரு செங்குத்துப் பொந்து. கட்டுமானக்காரர்கள் பாஷையில் 'ஓ.டி.எஸ்.', வானம் திறந்த வெளியாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் ட்யூப்லைட் போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். ஈர வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நூறு சதுர அடி அறைக்குப் பதினாறு, பதினேழு சதுர அடி. என் வீட்டில் அளவு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. எதிர்ச் சுவர் நாலடியில் நிற்கும்போது சன்னல் வெறும் சட்டம்தான்.

மாட வீதிகளை ஒட்டி மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளை இதற்கு மாற்றாகக் காட்டுவார்கள். பக்கச் சுவர்கள் ஒட்டியவை, குறுகலான நீளமான மனைகள். பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. ஆகவே வானத்தை நடுவில் இறக்கினார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், தாழ்வாரம், அடுக்களை, கிணறு, கொல்லை. தெருக்கதவையும் கொல்லைக்கதவையும் திறந்தால் காற்றும் வெளிச்சமும் ஒரே கோட்டில் ஓடும். வெளிச்சத்துக்கான தீர்வு என்ற வகையில் இது கெட்டிக்காரத்தனமானது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கோட்டில் யார் நடந்தார்கள்? பியர் பூர்தியு அல்ஜீரியாவின் கபைல் வீட்டைப் பற்றி எழுதிய கட்டுரை 1970இல் வெளிவந்தது. அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு மேட்டுப் பகுதி, ஒரு தாழ்ந்த பகுதி. மேடு வெளிச்சம்: அடுப்பு, தறி, விருந்தாளி. தாழ்வு இருட்டு: மாடு, உறக்கம், பிறப்பு, சாவு. வீட்டின் வெளிச்சப் பங்கீடே சமூகத்தின் பங்கீடு என்பதைக் காட்டிய கட்டுரை அது. மயிலாப்பூர் வீட்டுக்கும் அப்படி ஒரு கட்டுரை எழுதலாம். திண்ணைக்குத் தெரு வெளிச்சம், ஆண்களுக்கு. முற்றத்து வெளிச்சம் விசேஷத்துக்கு. புகை படிந்த அடுக்களை பெண்களுக்கு. மாதத்தில் மூன்று நாள் கொல்லைப் பக்கம். அதற்கும் பின்னால், பழைய சென்னையின் பல தெருக்களில் வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடிய தோட்டிச் சந்து. மலம் அள்ள வந்தவர்கள் அந்தச் சந்து வழியாக வந்து அந்தச் சந்து வழியாகவே போக வேண்டும். முற்றத்து வெயிலை ஒருநாளும் மிதித்திருக்க மாட்டார்கள். முற்றத்தை மீட்டெடுப்போம் என்கிற கட்டடக் கலைஞர்கள் தோட்டிச் சந்தைத் தங்கள் வரைபடத்தில் எங்கே வைப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தி.நகர் வேறு கதை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டான நகர். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் பேர் அதற்கு. ஏரிப் படுகைக் களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். 'அந்தந்த இடத்து மண்ணிலேயே அந்தந்த இடத்து வீடு' என்று பேசுகிறவர்கள் இந்த மண்ணில் மணல் கலக்காமல் ஒரு சுவர் எழுப்பிக் காட்டட்டும். இன்றைக்கு உஸ்மான் சாலையில் சன்னலே இல்லாத துணிக்கடை மாளிகைகள் நிற்கின்றன. உள்ளே தென்மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் விளக்குக்கடியில் நிற்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு உட்காரும் உரிமையைத் தந்தது. வெயிலைப் பார்க்கும் உரிமை என்று ஒன்று இன்னும் எந்தச் சட்டத்திலும் இல்லை.

4

மண்வீட்டுச் சொல்லாடலின் பெரிய பெயர்களிடம் வருவோம். லாரி பேக்கர் (1917–2007) இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளில் வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பற்றிக்கொண்டவர். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி அவர் கட்டிய சல்லடைச் சுவர்கள் சன்னல் செலவை மிச்சப்படுத்தின. கண் கூசும் வெயிலைச் சிறு சிறு துண்டாக உடைத்து உள்ளே விட்டன. மண் கட்டுமானம் பற்றிப் படம் போட்டு எளிமையாக ஒரு கையேடும் எழுதினார். திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டினார். 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு அவர் வழியில் இன்றும் ஏழைகளுக்குக் கட்டுகிறது. இவரை மேட்டிமை என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது, நேர்மையாகாது.

ஆனால் பேக்கரைச் சென்னை எப்படி வாங்கிக்கொண்டது என்பது தனிக் கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவின் தொடக்க வடிவமைப்பில் அவர் பங்கு உண்டு. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிழலில் நடந்து போகலாம். ஊரில் அப்படி நடக்க முடிந்ததா? வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தவர்களால் அவற்றுக்கு நடுவே இருந்த தூரத்தைப் பெயர்த்துக் கொண்டுவர முடியாது. அருங்காட்சியகத்தின் குற்றம் என்று இதைச் சொல்லவில்லை, அதன் எல்லை இது.

எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களின் பிற்பகுதியில் லக்சர் பக்கத்தில் புதிய குர்ணா என்ற கிராமத்தையே பச்சைச் செங்கல்லில் கட்டினார். குவிமாடங்கள், முற்றங்கள், அருமையான வெளிச்சம். மக்கள் குடிபோக மறுத்தார்கள். அவர்கள் பிழைப்பு பழைய குர்ணாவில் இருந்தது. குவிமாடம் அவர்களுக்குக் கல்லறையை நினைவூட்டியது. ஏழைகளுக்கான கட்டடக்கலை என்ற பொருளில் தலைப்பு வைத்து அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. ஏழைகளின் மறுப்பு அந்த வரலாற்றில் ஒரு சோகக் குறிப்பாக நின்றுபோனது. அதே ஃபாத்தி பேரில் வழங்கப்படும் விருது 1992இல் நம் பக்கத்து ஆரோவில்லின் பார்வையாளர் மையத்துக்குக் கிடைத்தது. ஏழைகளுக்கான கட்டடக்கலை விருது, பார்வையாளர் மையத்துக்கு! ஆரோவில் மண் நிறுவனம் உருவாக்கிய அழுத்து மண்கட்டி நல்ல தொழில்நுட்பம்தான். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல் ஆற வைப்பது. மழைக்குக் கரையாது, மாடி வீடும் தாங்கும். அந்த ஐந்து பங்கு சிமெண்டைப் பற்றிப் பேசுவதில் எனக்குப் பிரியம் உண்டு. 'கலப்பில்லாத மரபு' என்று மேடையில் பேசுகிறவர்களுடைய சுவர் நிற்பதே ஒரு கலப்பினால்தான்.

5

இந்தப் பக்கம் அரசு. அதன் கணக்கில் மண்சுவர் என்பது வறுமையின் அளவுகோல். 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட ஒரே அறை வீடு என்பது இல்லாமையின் முதல் அடையாளம். 1970இல் சென்னையில் குடிசை மாற்று வாரியம் தொடங்கியதிலிருந்து (2021இல் பேர் மாறிவிட்டது), 2010இன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வழியாக, 2024இன் கலைஞரின் கனவு இல்லம் வரை ஆசை ஒன்றுதான்: குடிசை இல்லாத தமிழ்நாடு. குடிசைக்கு எதிர்ச்சொல் கான்கிரீட்.

இதைச் சூழலியல்காரர்கள் மூடத்தனம் என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு இந்த மண்ணில் தலித்துகள் கான்கிரீட் கூரை கேட்டால் அது சிமெண்ட் கம்பெனி விளம்பரத்தில் மயங்கிக் கேட்டதல்ல. (கான்கிரீட்டும் காப்பாற்றவில்லை, 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் எரிக்கப்பட்டவற்றில் கான்கிரீட் வீடுகளும் உண்டு.) அடுத்தது மனை. 1971இல் குடியிருப்பு மனைச் சட்டம் வரும்வரை பண்ணையாள் குடியிருந்த இடம் மிராசுதாருடையது. நாளைக்கே போடா என்று சொல்லக்கூடிய இடத்தில் எவன் ஒன்றரை அடிக் கனத்துக்குச் சுவர் வைப்பான், எவன் திசை பார்த்துச் சன்னல் வைப்பான்? சுவர் மெலிந்திருந்ததும் இருட்டாக இருந்ததும் அறியாமையினால் அல்ல. இன்றும் நகரத்தில் இதே கதைதான். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். கால்வாய்க் கரையிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். பட்டா இல்லாதவனிடம் நிலைத்த வாழ்வு, நிலைத்த வடிவமைப்பு என்று பேசுவது கேலி.

மண்வீட்டுக்கு 'நல்ல செருப்பும் நல்ல தொப்பியும் வேண்டும்' என்று இங்கிலாந்தின் டெவன் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டாம். அடியில் கல் பீடம், மேலே அகலமான இறவாரம். இரண்டும் இருந்தால் மண்சுவர் நூறு வருஷம் நிற்கும். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார்கள் செருப்புப் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டவும் கூடாது. மனிதனுக்கே செருப்பும் குடையும் மறுத்த சமூகம் அவன் சுவருக்கா கொடுத்திருக்கும்?

இதற்காக அரசின் கான்கிரீட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2011இல் 'சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள்' திட்டம் வந்தது. 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, சூரியத் தகட்டில் எரியும் ஐந்து சி.எஃப்.எல். விளக்கு. 'பசுமை' என்பதற்கும் 'சூரியன்' என்பதற்கும் அரசு தந்த பொருள் இதுதான். சூரியனைத் தகட்டில் பிடித்து, பேட்டரியில் அடைத்து, குமிழில் திருப்பித் தந்தது. அதே சூரியன் பகலில் சன்னல் வழியாகக் காசில்லாமல் வருவதற்கு வீட்டை எந்தத் திசையில் திருப்பி வைப்பது என்ற கேள்வி ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு எழவே முடியாது. எங்களுக்கு வந்த தொகுப்பு வீடும் அப்படித்தான், மேற்கே பார்த்த வாசல். மே மாதத்தில் சாயங்காலம் நாலு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. பத்து வருஷத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அப்பா மழைக்காலத்தில் கட்டிலை அறைக்குள் நாலு திசையும் நகர்த்திக்கொண்டே இருப்பார். ஆனாலும் "பழைய வீட்டுக்குப் போறியாம்மா?" என்று கேட்டால் அம்மா சிரிப்பார். நிமிர்ந்து நுழைகிற வாசலை விட்டுக் குனிந்து நுழைகிற வாசலுக்கு யார் போவார்கள்?

6

அப்படியானால் மண்சுவர் வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் பக்கம். அதற்கான காரணங்கள் மட்டும் அடையாறுக் கூட்டத்தில் சொன்னவை அல்ல.

முதல் காரணம் சூளை. சென்னை வீடுகளின் செங்கல் திருவள்ளூர், செங்கல்பட்டுச் சூளைகளிலிருந்து வருகிறது. முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட இருளர்களும் ஒடிசாக் குடும்பங்களும் அறுக்கும் கல். 2011இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சுடாத சுவருக்குச் சூளை வேண்டாம். கரியமில வாயுக் கணக்கைச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால் மண்சுவரின் அரசியலே மாறும்.

இரண்டாவது, யாருடைய உழைப்பில் மண்வீடு நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாராவாரம் சாணி மெழுகியவள் பெண். மழை முடிந்ததும் சுவரில் விழுந்த பள்ளத்துக்கு மண் அப்பியவள் பெண். 'நீடித்து நிற்கும் வீடு' என்பதன் எழுவாய் எப்போதும் மறைந்தே இருக்கிறது. நீடிக்க வைத்தவள் அம்மா. பராமரிப்பை வருஷத்துக்கு ஒரு நாளாகக் குறைக்காத மண்வீடு பெண்களுக்கு எதிரான வீடுதான். சிமெண்டை நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் அது குறையுமென்றால், சேர்ப்பதுதான் அறம்.

மூன்றாவது, சென்னையின் வெப்பம் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. கனமான மண்சுவர் பகல் வெப்பத்தைத் தாமதப்படுத்தும், உண்மை. ஆனால் கடலோர ஊரில் மே மாத இரவு குளிர்வதில்லை. தாமதித்த வெப்பம் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே இறங்கும். குறுக்கே காற்று ஓட வழியில்லாமல் மண்சுவர் மட்டும் வைத்தால் தூக்கம் வராது. எங்கள் ஆட்கள் வாசலில் படுத்தது இதனால்தான். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறிச் சைதாப்பேட்டைக்குள்ளும் கோட்டூர்புரத்துக்குள்ளும் வந்தது. அந்தத் தண்ணீரில் வெறும் மண்சுவர் ஒரு ராத்திரி தாங்காது. பீடத்தின் உயரத்தை வெள்ளம் வந்த மட்டத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், புத்தகத்தைப் பார்த்து அல்ல.

7

நண்பரின் வீட்டைப் பற்றிக் கடைசியாக. அதில் நல்லது நிறைய இருக்கிறது. பத்திரிகையில் அடிக்கிறவன் அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்திருக்கிறார். மேற்கே கழிவறையும் சாமான் அறையும். சாயங்கால வெயிலை அவை வாங்கிக்கொள்கின்றன. தெற்கே நாலடி உயரச் சன்னல்களுக்கு மூன்றடி இறவாரம். டிசம்பரில் நண்பகல் சூரியன் இங்கே தெற்கு வானில் 53 பாகை உயரத்தில் நிற்கும். அந்தக் கோணத்துக்கு மூன்றடி நிழல் சரியாகப் போதும். வடக்குச் சன்னலுக்கு நிழல் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும்வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கிறது. தலைக்கு மேலே நிற்பதால் ஓரடி இறவாரமே போதும். நெடுநல்வாடைக்காரர்கள் இரண்டு கோல் நட்டுப் பார்த்தது இதைத்தான். அந்த அறிவு அரசனுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காலனியில் எந்தப் பையனும் ஒரு கம்பை நட்டு வருஷம் முழுக்க நிழலைக் குறித்துவைக்கலாம்.

சுவர் ஒன்றரை அடிக் கனம். சன்னல் ஓரங்களை உள்பக்கம் விரியும்படி சாய்த்திருக்கிறார். வெளியே இரண்டடி, உள்ளே மூன்றடி. கனமான சுவரில் சின்னச் சன்னல் வைத்தால் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி ஆகிவிடும். இந்தச் சாய்வு வெளிச்சத்தை ஒதுக்கிவிடாமல் பரப்புகிறது. அடுக்களை மேடைக்கு நேர் மேலே இரண்டு கண்ணாடி ஓடு. அம்மா அதன் கீழே கொஞ்சநேரம் நின்றார். "இங்க நின்னா அரிசில கல் தெரியும்" என்றார். அந்த வீட்டுக்கு அன்று கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். என் மயிலாப்பூர் சமையலறையை அவர் ஒரு வாரம் அனுபவித்திருந்தார்.

பிறகுதான் அந்தக் கேள்வி. சன்னல் ஓரச் சாய்வுகளுக்காவது வெள்ளையடித்தால் உள்ளே வெளிச்சம் கூடும் என்று நானும் நண்பரிடம் சொன்னேன். "மண் நிறம் போயிடும் தோழர்" என்றார். அவருக்கு மண்நிறம் ஒரு தேர்வு, ஒரு அறிவிப்பு; எனக்கு விருப்பம் இருப்பதால் இப்படி இருக்கிறேன் என்கிற அறிவிப்பு. அந்த அறிவிப்பைச் செய்ய, யாரும் தன்னை ஏழை என்றோ சோம்பேறி என்றோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற உத்தரவாதம் முன்னாலேயே வேண்டும். தாத்தா வீட்டுக் கொல்லை அந்த உத்தரவாதத்தை அவருக்குத் தந்திருக்கிறது. அம்மாவுக்குத் தராது. ஒரே சுவர்தான்; அதன் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது அழகாகவும் இழிவாகவும் வாசிக்கப்படுகிறது. இந்த வாசிப்பை உடைக்காமல் மண்சுவரை மட்டும் மீட்டுவிட முடியாது.

எனவே மண்வீட்டுத் தோழர்களிடம் நான் கேட்பது சிறியதுதான். அடுத்த மண்வீட்டைக் கொல்லைப்புறத்தில் கட்டாதீர்கள். பட்டா கிடைத்த ஒரு காலனியில், கனவு இல்லத் திட்டத்தின் 3.5 லட்ச ரூபாய்க்குள், 360 சதுர அடிக்குள் கட்டிக் காட்டுங்கள். நிமிர்ந்து நுழையும் வாசல், உள்தாழ்ப்பாள் போட்ட கதவு, தீப்பிடிக்காத கூரை, அடுக்களைக்கு மேலே வெளிச்சம். கட்டி முடித்த பிறகு அந்த வீட்டுக்காரம்மா சுண்ணாம்பு வாளியோடு வந்தால், கையைப் பிடிக்காதீர்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது கோயம்பேடு வரை கொண்டுபோய் விட்டேன். பஸ் கிளம்பும்போது சன்னல் வழியாகச் சொன்னார்: "அந்தத் தம்பிகிட்ட சொல்லு, கரையான் வருதான்னு மூலைய பாத்துக்கச் சொல்லு. கிழக்கு மூலைல லேசா மண்ணு பொங்கியிருக்கு." சொன்னேன். நண்பர் போய்ப் பார்த்திருக்கிறார், இருந்திருக்கிறது.